முறுக்கு உழக்கு உள்ள வீட்டுக்கு முந்நூறு வெள்ளிக் கருவி எதற்கு?

கேக் அலங்கார வகுப்புக்குப் போய்வரும் பெண்கள் கையில் ஒரு பட்டியலோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். செங்கல் சுவர் வரி விழும் சிலிக்கோன் விரிப்பு, லேஸ் பூ விழும் விரிப்பு, மரப்பட்டை உருளை, இலை நரம்பு அச்சு, ஓரம் கிள்ளும் இடுக்கி, இரண்டு முனையும் வேறுவேறாக உள்ள கோல்கள் ஒரு டஜன். பட்டியலில் பாதியை வாங்கினாலே 300 வெள்ளி கரைந்துவிடும். அப்படி வந்தவர்களில் ஒரு பெண் ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். கணவர் லாரி ஓட்டுகிறார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “அக்கா, இதெல்லாம் இல்லாம ஆரம்பிக்கவே முடியாதாம். கூட்டுப் பணம் எடுத்து வாங்கிடலாம்னு இருக்கேன்” என்றாள்.

எடுக்காதே என்றேன். முதல் கேக்கை விற்பதற்கு முன்பே ஒரு பெண்ணைக் கடனில் நிறுத்தும் பட்டியல் எதுவாக இருந்தாலும் அது தவறான பட்டியல். கேக்கைப் போர்த்தும் சீனி மாவான ஃபாண்டன்ட் மேல் வரியும் மேடுபள்ளமும் கொண்டுவர வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை அவள் வீட்டு அடுப்படியிலும் தையல் பெட்டியிலும் ஏற்கெனவே கிடக்கின்றன. இல்லாதவை இரண்டு வெள்ளிக் கடையில் கிடைக்கும்.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். அம்மா முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், பிறகு ஸ்டோரில் ஷீட் அடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தபின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காலையில் சேர்த்த பாலில் தண்ணீர் கலந்து, அமிலம் விட்டு, தொட்டியில் உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை வழுவழுப்பான உருளைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப விட்டு மெலிய வைப்பார்கள். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வந்ததும் கடைசியாக வரி வெட்டிய உருளைக்குள் விடுவார்கள். ஷீட் முழுக்கக் கோடு விழும். கோடு விழுந்தால் மேற்பரப்பு கூடும், புகைக்கூடத்தில் ஈரம் சீக்கிரம் வற்றும், அடுக்கி வைத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆர்.எஸ்.எஸ். (ரிப்டு ஸ்மோக்டு ஷீட்) என்று தரம் பிரித்து உலகச் சந்தைக்குப் போனது அந்த வரி விழுந்த ஷீட்தான்.

கேக்கை மூடும் ஃபாண்டன்டும் அதே மூன்று, நாலு மில்லிமீட்டர் கனம். மெத்தென்றிருக்கும் ஒரு தாளின் மேல் மேடுபள்ளமான ஒன்றைச் சரியான நேரத்தில், ஒரே அழுத்தத்தில் வைத்து எடுக்க வேண்டும். அம்மா ஸ்டோரில் செய்த வேலையும் இதே வேலைதான் என்று நான் சொல்லித்தரும் பெண்களிடம் சொல்வேன். அவர்களில் பலருடைய அம்மாக்களும் அங்கே நின்றவர்கள்தான்.

நேரம் என்று சொன்னேன். கருவியைவிட அதுதான் முக்கியம், வகுப்புகளில் சரியாகச் சொல்லித்தராததும் அதுதான். குளிர்நாட்டுப் புத்தகத்தில், உருட்டிய ஃபாண்டன்ட் சீக்கிரம் காய்ந்து மேலே தோல் கட்டும், ஆகவே விரைந்து வேலை செய்யுங்கள் என்று எழுதியிருக்கும். நம் ஊரில் மழை பெய்து ஓய்ந்த மாலையில் நடப்பது நேர்மாறு. சீனி காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மேலே பளபளவென்று வேர்க்கும். அந்த நேரத்தில் எவ்வளவு விலையுயர்ந்த விரிப்பை வைத்து அழுத்தினாலும் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். விரிப்பில் சோளமாவைத் தூவி, தட்டிவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். கறுப்பு, சிவப்பு போன்ற அடர் நிறமென்றால் சோளமாவு வெள்ளையாகத் திட்டுத் திட்டாய்த் தெரியும். அப்போது மாவுக்குப் பதில் விரல் நுனியில் துளி ஷார்ட்டனிங் தடவிக்கொள்ளலாம். மாவுத் தடத்தை எடுக்க வெளிநாட்டுப் புத்தகங்கள் வோட்காவைச் சொல்லும். நம் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள், மதுவைக் கேக் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கொதிக்கும் கேத்தலின் ஆவியைத் தூரத்திலிருந்து ஒரு நொடி காட்டினால் மாவு மறைந்துவிடும். அதிகம் காட்டினால் பதித்த வரியும் சேர்ந்து உருகிவிடும்.

எதை எப்போது பதிப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒழுங்கான, திரும்பத் திரும்ப வரும் வரி என்றால் தாள் மேசையில் இருக்கும்போதே பதித்து, பட்டையாக வெட்டி, கேக்கின் பக்கவாட்டில் சுற்ற வேண்டும். மூடியபின் பதித்தால் அழுத்தம் சமமாக விழாது, பதித்துவிட்டு மொத்தமாக மேலே போர்த்தினால் விளிம்பில் இழுபட்டு வரி கோணிவிடும். பாறை, மரப்பட்டை, யானைத் தோல் மாதிரி ஒழுங்கில்லாததை மூடியபின் பதிப்பதே நல்லது. இந்த வித்தியாசம் தெரிந்தவளுக்கு அலுமினியத் தாள் ஒன்று போதும். அதைக் கசக்கி, பாதி விரித்து, ஃபாண்டன்ட் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தால் பாறை வந்துவிடும். அதே தாளை நீளவாக்கில் மட்டும் மடித்துக் கசக்கினால் பட்டை வரும். ஒரு கேக்குக்கு ஆகும் செலவு சில காசுதான்.

மரப்பட்டை என்றதும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ரப்பர் மரக் கேக் வேண்டும் என்று அவருடைய பேரன் கேட்டான். கடையில் கிடைக்கும் மரப்பட்டை உருளை எல்லாமே ஆழமான பிளவுகள் மேலிருந்து கீழே ஓடும் ஐரோப்பிய மரங்களைப் பார்த்துச் செய்தவை. நம் பால்மரத்தின் பட்டை அப்படி இருக்காது. சாம்பல் நிறத்தில், பெரிய பிளவு எதுவும் இல்லாமல், அங்கங்கே மெல்லிய சுருக்கமும் புள்ளியுமாக இருக்கும். வெட்டிய பகுதியோ தனி நிறம், தனி வழவழப்பு. அதன் மேல் வெட்டு வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் ஓடும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஏறாமல் சற்றே சாய்ந்து ஏறுகின்றன, இப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். திசை மாறினால் வெட்டிப் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

அந்தக் கேக்குக்கு நான் எடுத்தவை ஒரு கசக்கிய அலுமினியத் தாள், புள்ளிக்கு ஒரு புதிய பல் துலக்கும் பிரஷ், வெட்டு வரிக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பு. வரியைச் சாய்ப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் கோணத்தை அளந்து வைத்துக்கொண்டேன். பெரியவர் கத்தியை வாங்கியதும் கேக்கை வெட்டவில்லை, வரியின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “சரியாத்தான் வெட்டியிருக்கு” என்றார். எந்த ஊர்க் கடை விரிப்பும் அந்த வார்த்தையை எனக்கு வாங்கித் தந்திருக்காது. விரிப்பு, அதைச் செய்தவர் பார்த்த மரத்தைத்தான் தரும். நம் மரம் வேண்டுமென்றால் நாமேதான் பதிக்க வேண்டும்.

இனி முறுக்கு உழக்கு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று என் மகள் சொல்வாள். நட்சத்திரத் துளை வில்லையைப் போட்டு, ஷார்ட்டனிங் பிசைந்து இளக்கிய ஃபாண்டன்டைப் பிழிந்தால் வரிவரியான கயிறு வரும், கேக்கின் அடிவிளிம்புக்கு அதைச் சுற்றலாம். இரண்டு கயிற்றை முறுக்கினால் தேர்வடம். இடியாப்ப வில்லையைப் போட்டால் தலைமுடி, ஆட்டுக்குட்டியின் ரோமம், சிங்கத்தின் பிடரி. ரிப்பன் பக்கோடா வில்லை சேலை மடிப்புக்கும் கூடை பின்னுவதற்கும் ஆகும். இதே வேலைக்கு அழுத்துக்குழாய் என்று தனியாக ஒரு கருவி விற்கிறார்கள். அதன் வாயும் சிறிது, கொள்ளளவும் சிறிது. கை வலிக்கும். பித்தளை உழக்கின் பிடியைச் சுற்றும்போது திருகே வேலையைச் செய்துவிடும். தேத்தண்ணி வடிகட்டியின் வலை வழியே கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் பாசியும் புல்லும் வரும், அதைக் கத்தி முனையால் வழித்து அப்படியே ஒட்டிவிடலாம்.

நம் அடுப்படியோடு நிற்க வேண்டியதுமில்லை. இந்த நாட்டில் பிறந்ததில் எனக்குள்ள பெரிய பாக்கியங்களில் ஒன்று பக்கத்து வீட்டுப் பலகாரச் சாமான். மலாய்க்காரர்கள் குவே மக்மூர் மேல் இலை வரி கிள்ளுகிற பல் வைத்த சிறு இடுக்கியைப் பார்த்திருப்பீர்கள். பட்டியலில் உள்ள ‘ஓரம் கிள்ளும் இடுக்கி’ செய்யும் வேலையை அது அப்படியே செய்யும். நோன்புப் பெருநாள் நெருங்கும்போது சிரம்பான் பெரிய சந்தைப் பக்கம் சில வெள்ளிக்குக் கிடைக்கும். சீனர்களின் ஆங்கு பலகார மரஅச்சில் ஆமை ஓடு இருக்கும். மூன்கேக் அச்சில் பூவிதழ் இருக்கும். அதில் ஃபாண்டன்டைச் சோளமாவு தொட்டு அழுத்தித் தட்டினால் பூ முழுசாக விழுகிறது. மலாய்த் தோழி ஒருத்தி, ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையைக் கேக்காகக் கேட்டாள். 1902இல் கட்டத் தொடங்கி 1908இல் முடித்த, ஆணி இல்லாத, 99 தூண் நிற்கும் மர மாளிகை அது. மர வரிக்குப் புதிய சீப்பை நீளமாக இழுத்தேன், அங்கங்கே கை நடுங்கவிட்டு முடிச்சு வரவழைத்தேன். கூரைக்கும் அதே சீப்புதான்.

குழல், ஈர்க்குக் குச்சி, சாத்தே குச்சி, தையல்காரர்கள் துணியில் புள்ளி வைக்கும் பல்சக்கரம், பாட்டில் மூடி எல்லாம் சின்னச் சின்ன உதவி. குழலைச் சாய்த்து வெட்டி அரை வட்டமாக அழுத்தினால் மீன் செதில், பல்சக்கரத்தை ஓட்டினால் தைத்த நூல் வரி. விளக்கவே தேவையில்லை, கையில் எடுத்தால் தானே புரியும். கோலம் போடும் ஓட்டை உருளையை மட்டும் ஒரு முறை முயன்று பாருங்கள் என்பேன். ஃபாண்டன்ட் மேல் அழுத்தி உருட்டினால் கோலப் புள்ளிகள் மெல்லிய மேடாய்த் தெரியும், உருளைக்குள் ஐசிங் சீனி நிரப்பி உருட்டினால் கேக்கின் தட்டிலேயே கோலம்.

இப்படிச் சொல்லும்போது, வீட்டுச் சாமான் வைத்துச் செய்வது ஏழைகளின் சமாளிப்பு, தொழில்காரர் அப்படிச் செய்ய மாட்டார் என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவின் எலைன் கேரட்டைச் சொல்வேன். கேக் அலங்காரத்தில் அவர் பெயரால் வழங்கும் கேரட் ஃபிரில் உலகப் புகழ் பெற்றது. வட்டமாக வெட்டிய ஃபாண்டன்டின் ஓரத்தில் ஒரு பல்குத்தும் குச்சியை வைத்து உருட்டிக்கொண்டே போனால் ஓரம் மெலிந்து பாவாடைக் கொசுவமாக அலைபாயும். அந்த வேலைக்கு மூலக் கருவியே பல்குத்தும் குச்சிதான். 1929இல் சிகாகோவில் ஒருவர் சீனி வேலை சொல்லித்தரத் தொடங்கிய வகுப்புதான் பிற்காலத்தில் வில்டன் நிறுவனமாகியது, இன்று உலகம் அதை அறிவது அதன் கருவிகளால். அதில் குற்றமில்லை. ஆனால் கற்பதும் கருவி வாங்குவதும் ஒன்றே என்ற எண்ணம் உலகமெங்கும் படிந்துபோய்விட்டது, அது நம் பெண்களின் மடியைத் தொடும்போது நான் சும்மா இருக்க முடியாது.

அதற்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் கேக்கில் அழுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே நான் கண்டிப்பானவள். இலை நரம்புக்கு உண்மையான இலையைவிட நல்ல அச்சு கிடையாது. அடிப்பக்கத்தைக் கீழே வைத்து அழுத்தினால் நரம்பு முழுதும் இறங்கும். நிச்சயதார்த்தக் கேக்குக்கு வெற்றிலை, மற்றதற்குக் கொய்யா இலை, வாழை இலை, நேர்க்கோட்டுக்குப் பண்டான். அரளி கூடவே கூடாது. மரவள்ளி இலையிலும் ரப்பர் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, அவையும் வேண்டாம். வீட்டுத் தொட்டியில் வளர்த்ததைப் பறியுங்கள், தோட்டத்து ஓரத்தில் பறிக்காதீர்கள். அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்திருந்தாலும் மருந்து அடிப்பது நிற்கவில்லை, வேறு மருந்து வந்திருக்கிறது. தோளில் தொட்டி சுமந்து மருந்தடித்த பெண்களின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டுச்சேலைக் கரையை, லேஸ் துணியை, சாக்குத் துணியைப் பதிக்க ஆசைப்படுங்கள், அதில்தான் நம் அழகு இருக்கிறது. ஆனால் துணிக்கும் ஃபாண்டன்டுக்கும் நடுவே உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்துப் பிடித்து விரியுங்கள். சாயமும் நூலும் உணவில் படக்கூடாது. பழைய பித்தளை அச்சுக்கும் அதுவே. பிரஷ்ஷும் சீப்பும் புதிதாக வாங்கியவையாக, கேக்குக்கென்று தனி டப்பாவில் இருக்க வேண்டும்.

பதித்த வரியின் மேல் தங்கப்பொடி தேய்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘நச்சற்றது’ என்று எழுதியிருந்தால் தின்னலாம் என்று பொருளாகாது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2018இல் ஒரு பிறந்தநாள் கேக்கில் பூசிய மினுக்குப் பொடியால் ஆறு குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள், பொடியில் செம்பு இருந்தது. மிசூரியில் 2019இல் இதே போன்ற பொடியால் ஒரு வயதுக் குழந்தையின் உடம்பில் ஈயம் ஏறியது. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2021இல் இவற்றை வெளியிட்டது. பொட்டலத்தில் உட்பொருள் பட்டியல் இருக்க வேண்டும், தின்னத் தக்கது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் மலிவாகக் கிடைத்தாலும் அந்தப் பொடியைத் தொடாதீர்கள்.

முந்நூறு வெள்ளி கையில் இருந்தால் எதற்குச் செலவிடலாம்? உணவு கையாளுவோருக்கான பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி கட்டாயம், முதலில் அது. அடுத்து, கிராம் காட்டும் தராசு. நீளமான, மரவரி இல்லாத உருட்டுக்கட்டை. பிறகு நல்ல ஜெலட்டின். ஃபாண்டன்டில் பன்றி ஜெலட்டின் இருந்தால் முஸ்லிம் வாடிக்கையாளர் தொட மாட்டார், மாட்டு ஜெலட்டின் என்றால் நம் வீடுகளிலேயே பலர் தொட மாட்டார்கள். ஹலால் முத்திரை உள்ள மீன் ஜெலட்டினில் நீங்களே ஃபாண்டன்ட் கிண்டினால் இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். கருவிகளில் நான் வாங்கச் சொல்வது உருண்டை முனையுள்ள குமிழ்க்கோலும், ஃபாண்டன்டை வழுவழுப்பாக்கும் தேய்ப்பானும். தின்னும் லேஸ் ஊற்றும் விரிப்புக்கும் வீட்டில் மாற்று இல்லை. அதற்கு ஆர்டர் வந்தபின், முன்பணம் வாங்கி, வாங்குங்கள்.

பெண்களுக்குத் தொழிற்பயிற்சி நடத்தும் அமைப்புகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் என் கோரிக்கை இதுதான். லிங்சம், சிலியாவ், லாபு தோட்டங்களிலிருந்தும், தோட்டம் போய் நகரம் எழுந்த செண்டாயான் பக்கத்திலிருந்தும் வரும் பெண்களுக்குக் நிகழ்ச்சி வைத்து, படம் எடுத்துக்கொண்டு, கருவிப் பெட்டியைக் கொடுக்காதீர்கள். அதே பணத்துக்கு ஐசிங் சீனியும் ஜெலட்டினும் வாங்கிக் கொடுத்து, கையால் செய்து பழக விடுங்கள். இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் ஸ்புமி கடனுக்கு மனுச் செய்பவர்களுக்கு, அது அடுப்புக்கும் குளிர்ப்பெட்டிக்கும் உதவும், விரிப்புக் கட்டுக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். வகுப்பின் முதல் நாளில் வீட்டிலிருந்து ஒரு முறுக்கு உழக்கு, ஒரு புதிய சீப்பு, அம்மாவின் பழைய சேலை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள்.

சொல்லித்தர ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், காசு வேண்டாம். சிரம்பான், போர்ட்டிக்சன் சுற்றுவட்டாரம் என்றால் ஞாயிறு காலை. பகாவ், ஜெராம் பாடாங் பக்கம் என்றால் பள்ளி விடுமுறையில் வையுங்கள், முதல் நாளே வந்து தங்கிக்கொள்கிறேன். மண்டபத்தில் ஒரு நீள மேசையும், மின்விசிறி நேராக வீசாத ஒரு மூலையும், கொதிக்கும் கேத்தல் ஒன்றும் இருக்கட்டும்.